முப்பத்தொரு தகடு

வவுனியாவில் இருந்து மோட்டார்சைக்கிளில்
வந்திறங்கினான் நிக்சன்.
காதில் பென்சில், கையில் அளவுநாடா,
மடியில் விரியும் நிறப் புத்தகம்.

ஆறு யன்னல். ஆறும் ஆறு அளவு.
"ஒண்டும் சதுரமில்லையே அக்கா" என்றான்.
எப்படி இருக்கும்?
வீட்டுத்திட்டக் காசு நாலு தவணையாய் வந்தது,
தவணைக்கொரு மேசன்.
கடைசியானவன் அவசரக்காரன்,
நிலையைச் சாய்த்து வைத்துவிட்டுத்
தேத்தண்ணி குடித்துப் போனான்.

என்ன நிறம் என்றால்
தவேந்திரன் வெள்ளை என்கிறார்.
வெள்ளை!
நாளுக்கு நாற்பது ரிப்பர் கிரவல் ஏற்றித் திரும்பும்
இந்த ஒட்டுசுட்டான் வளைவில்.
புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன்.
படலையடியில் குந்தி
ஒரு பிடி புழுதி அள்ளி
ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
பதினேழாம் இலக்கம் பொருந்தியது.
புத்தகத்தில் அதற்குப் பெயர் தேன்மணல்.
நிக்சன் சிரித்தான்.
இவர் விலை கேட்டார்.

"சீலைக்கு என்ன குறை?"
ஒரு வாளி, ஒரு பிடி சவர்க்காரத்தூள்,
கொடியில் போட்டால் மத்தியானத்துக்குள் காயும்.
உண்மைதான்.
வெயிலை அளந்து உள்ளே விடலாம் என்றேன்,
கரப்பான் ஏறாது என்றேன்,
புதுக்குடியிருப்பில் ரீச்சர் வீட்டிலும்
பிளைன்ட்ஸ்தான் என்றேன்.
ஒன்றைச் சொல்லவில்லை.

காற்றெடுக்கும் இரவுகளில்
சீலை மெல்ல வீங்கும்.
தோள் வரும். வயிறு வரும்.
கீழ்விளிம்பில் இரண்டு பாதத்துக்கு இடம் இருக்கும்.
விளக்கைப் போட்டால் சீலை.
அணைத்தால் மறுபடி ஆள்.
பதினைந்து வருடமாய் எழும்பி
விளக்கைப் போடுகிறேன்.
தண்ணி குடிக்க என்று
இவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது காற்று வந்தால்
தகட்டோடு தகடு மோதிக் கடகட என்கிறது.
ஆள் நின்றால் அப்படிச் சத்தம் வராது.

ஆனால் துடைப்பது,
அதைப்பற்றி நிக்சன் மூச்சும் விடவில்லை.
பெரிய யன்னலுக்கு முப்பத்தொரு தகடு,
தகட்டுக்கு இரண்டு முகம்.
மற்ற ஐந்தையும் கூட்டிப் பார்க்க
எனக்குத் துணிவில்லை.

முதற் சனிக்கிழமை ஈரத்துணியோடு போனேன்.
புழுதி சேறாகிக் குழைந்து
நூலிலெல்லாம் ஊறியது.
அடுத்த கிழமை
கபினயாவின் சோடி தொலைந்த மேசு ஒன்றைக்
கையில் மாட்டிக்கொண்டு
காய்ந்தபடியே இழுத்தேன், மேலிருந்து கீழே.
கீழிருந்து தொடங்கினால்
மேல்தகடு தன் குப்பையை
உன் வேலையில் கொட்டும்.

பாதியில் ரெலிபோன் வந்தது.
திரும்பி வந்தால்
எது துடைத்தது எது துடைக்காதது, தெரியவில்லை.
புழுதிக்கும் தகட்டுக்கும் ஒரே நிறம்.
நானே தேடிப் பொருத்திய நிறம்.
விரலால் கீறிக் கீறிப் பார்க்கிறேன்.
"அதுக்குத்தான் வெள்ளை சொன்னனான்."
கதிரையில் இருந்தபடி,
பேப்பரை இறக்காமல்.

வேலிக்கு அப்பால் மங்களேஸ்வரி அக்கா
"என்ன பிள்ளை, யன்னலுக்கு ஏணி போட்டிருக்கிறாய்"
என்று கேட்டுவிட்டு
போன கிழமை
நிக்சனின் நம்பரையும் கேட்டா.

இன்றைக்கு ஸ்ரூலில் ஏறி,
சாய்ந்த வெயிலில்,
படுக்கையறை யன்னலைத் துடைக்கும்போது
எட்டாம் தகட்டின் விளிம்பில்
இரண்டு விரல் அகலத்துக்குப்
புழுதி இல்லை. கொஞ்சம் மினுங்கியது.
கீழே ஒன்பதாவதிலும் அப்படியே,
பெருவிரல் அளவில்.

யாரோ இரண்டு தகட்டையும் விலக்கி
வெளியே பார்த்திருக்கிறார்கள்.
ஸ்ரூல் இல்லாமல் எனக்கு அந்த உயரம் எட்டாது.
கபினயாவுக்கு அறவே எட்டாது.

முன்னறையில் பேப்பர் திரும்பும் சத்தம்.

எட்டையும் ஒன்பதையும் விட்டுவிட்டுப்
பத்தில் தொடங்கினேன்.